வச்சநாபி: கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

மதுரையில் அப்பா தொடங்கிய நாட்டு மருந்துக் கடையில் நான் உட்கார ஆரம்பித்து 26 வருடமாகிறது. சுக்கு, திப்பிலி, கடுக்காய் கேட்டு வருகிறவர்களுக்கு நடுவே வாரத்துக்கு ஒருவராவது நாபி என்னும் விஷக்கிழங்கைக் கேட்டு வந்துவிடுகிறார். கூடவே சந்தேகங்களும் வரும், பெரும்பாலும் முந்தின வாரம் வேறொருவர் கேட்ட அதே சந்தேகம். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அரைகுறையாகச் சொல்லி அனுப்புவதும் இந்தக் கிழங்கு விஷயத்தில் தப்பு. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை, மருந்துச் சரக்கு விற்கிறவன். மருந்து எழுதிக் கொடுக்கும் வேலை பதிவு பெற்ற சித்த வைத்தியருடையது.

நாபி, வச்சநாபி, வசநாவி... இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா அண்ணே?

எல்லாம் ஒன்றுதான். வடமொழியில் வத்ஸநாபம். வத்ஸம் என்றால் கன்று, நாபி என்றால் தொப்புள். கிழங்கு கன்றுக்குட்டியின் தொப்புள் போல இருக்கிறது என்று அந்தப் பெயர். தமிழில் அது வச்சநாபி, வசநாவி என்று ஊருக்கு ஊர் மாறி, கடைப் பேச்சில் வெறும் நாபி ஆகிவிட்டது. இந்தியில் பச்நாக், மீட்டா விஷ் என்பார்கள், அதாவது இனிப்பு விஷம். நேபாளத்தில் பிக்.

தாவரவியல் பெயர் அகோனிடம் பெராக்ஸ். அகோனிடம் என்பது ஒரு தாவரப் பேரினம், உலகம் முழுக்க 250 வகைக்கு மேல் இருக்கிறது. நம் சந்தைக்கு நாபி என்று வரும் மூட்டையில் பெராக்ஸோடு அதன் சொந்தக்காரச் செடிகளின் கிழங்கும் கலந்து வருவதுண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அளவு பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

கொல்லிமலையில, சதுரகிரியில கிடைக்குதுன்னு சொல்றாங்களே?

கிடைக்காது. இது இமயமலைச் செடி. நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் கிட்டத்தட்ட 2,000 மீட்டருக்கு மேலே குளிரில் வளர்வது. நம் மலைகளில் தானாக முளைக்கும் நாபி என்று ஒன்று இல்லை. சதுரகிரியில் பறித்தது என்று யாராவது கொடுத்தால் அது வேறு ஏதோ ஒரு கிழங்கு, அது என்னவென்று கொடுத்தவருக்கே தெரியாது என்பதுதான் பயம்.

மேற்கு வங்காளமும் நேபாளமும் தொட்டுக்கொள்ளும் சிங்கலிலா மலைத்தொடரில் சந்தக்பூ என்று ஒரு உச்சி இருக்கிறது, 3,636 மீட்டர். லெப்சா மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு விஷச்செடி வளரும் உயரம் என்று பொருள் சொல்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே உள்ள இடத்துக்குப் பெயரே பிக்கேபஞ்சாங், விஷக் கணவாய். அங்கே நிறைய வளரும் நாபிதான் அந்தப் பெயருக்குக் காரணம். ஒரு ஊருக்கே செடியின் பெயரை வைத்து எச்சரித்திருக்கிறார்கள்.

செடி பார்க்க எப்படி இருக்கும்? அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா?

இருபது வருடம் காய்ந்த கிழங்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு செப்டம்பர் கடைசியில் அந்தச் சந்தக்பூ பாதையில் நடக்கும்போதுதான் செடியைப் பார்க்கக் கிடைத்தது. இடுப்பு உயரம். உள்ளங்கையை விரித்து ஓரங்களைக் கத்தரித்துவிட்ட மாதிரி இலை. நடுத்தண்டின் உச்சியில் வரிசையாக நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள். ஒவ்வொரு பூவின் மேல்பக்கமும் மழைக்குக் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வோமே, அந்தக் கொங்காணி மாதிரி வளைந்து மூடியிருக்கும். ஒரு பெரிய வண்டு அந்த முக்காட்டுக்குள் முழுசாக நுழைந்து, பூவே கொஞ்சம் ஆட, பின்பக்கமாக வெளியே வந்தது. பனி விலகிய நேரம். ரொம்ப அழகான பூ. கூட வந்த வழிகாட்டி என் கையைப் பிடித்து, பார்க்கலாம், பறிக்க வேண்டாம் என்று இந்தியில் சொன்னார்.

மண்ணுக்குள் இரண்டு கிழங்கு இருக்கும். இந்த வருடச் செடியைத் தாங்கும் தாய்க்கிழங்கு ஒன்று, அடுத்த வருடத்துக்கான சேய்க்கிழங்கு ஒன்று. தாய் வாடிப்போக, சேய் அடுத்த பருவத்தில் முளைக்கும். கடைக்கு வருவது விரல் நீளத்தில், மேலே தடித்துக் கீழே கூம்பி, கறுத்து, நீளவாக்கில் சுருக்கம் விழுந்தது. பழைய வடமொழி நிகண்டில் நொச்சி போன்ற இலை, கன்றின் தொப்புள் போன்ற கிழங்கு, பக்கத்தில் மரம் வளராது என்று அடையாளம் சொல்லியிருக்கிறது. கடைசியாகச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் செடி வளர்வது பெரும்பாலும் மரம் குறைந்துபோகும் உயரத்தில், அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

எங்க தோட்டத்து வேலியில நாபிக்கொடி படர்ந்திருக்கு. அதுவும் இதுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். உங்கள் வேலியில் இருப்பது செங்காந்தள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப் பூ என்று அதற்குப் பல பெயர், அதில் நாபிக்கொடியும் ஒன்று. தமிழ்நாட்டின் மாநில மலர், சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன குறிஞ்சி நிலத்துக் காந்தள். கொடியாகப் படரும், இலை நுனி சுருண்டு பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும், பூ சிவப்பும் மஞ்சளுமாகத் தீ மாதிரி நிற்கும். கிழங்கு கலப்பை போல இரண்டு கையாக வளைந்திருக்கும்.

அதுவும் கடுமையான விஷம்தான், ஆனால் வேறு விஷம். காந்தளில் இருப்பது கொல்கிசின். அதன் விதையிலிருந்து எடுக்கும் அந்தக் கொல்கிசினை கௌட் என்னும் மூட்டுவாதத்துக்கு அலோபதியில் கொடுக்கிறார்கள், அதற்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கம் பயிரிடுகிறார்கள். அதைத் தின்றால் சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, நாள்போக்கில் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கும். நாபி அப்படிக் காத்திருக்காது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி, நாபிக்கு எழுதிய முறையைக் காந்தள் கிழங்குக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தவறான பெயர் சொன்னாலும் டாக்டர் வேறு விஷத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

பழனி முருகன் சிலை நவபாஷாணத்துல இதுவும் ஒண்ணா?

பொதுவாகச் சொல்லப்படும் நவபாஷாணப் பட்டியலில் வீரம், பூரம், ரசம், லிங்கம், கௌரி என்று வருபவை தாதுச் சரக்குகள். நாபி செடியிலிருந்து வருவது, அதில் சேராது.

எவ்வளவு சாப்பிட்டா ஆபத்து? குன்றிமணி அளவு பரவாயில்லன்னு ஒருத்தர் சொன்னாரு.

பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது. குன்றிமணி, மிளகு, அரிசி என்று எதைச் சொல்லிக் கேட்டாலும் என் பதில் இதுதான்.

காரணம் இருக்கிறது. சூடகோனிடின், அகோனிடின் என்கிற ஆல்கலாய்டு காரங்கள்தான் இதன் விஷம், மில்லிகிராம் கணக்கிலேயே ஆளைச் சாய்க்கக்கூடியவை. எந்த வகைச் செடி, எந்த உயரத்தில் வளர்ந்தது, எந்த மாதத்தில் தோண்டியது, எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கிழங்கிலும் அந்தச் சத்து ஏறி இறங்கும். முதல் பதிலில் சொன்னபடி மூட்டைக்குள்ளேயே வகைகள் கலந்திருக்கும். போன தடவை ஒன்றும் செய்யாத அதே அளவு இந்தத் தடவை உயிரை எடுக்கலாம். பார்வைக்கு இரண்டு கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாது.

உடம்புக்குள்ள போனா என்னதான் செய்யும்?

நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் உள்ளே வருவதற்கு நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. கணநேரம் திறந்து மூடும், அந்தத் திறப்பிலும் மூடலிலும்தான் நரம்புச் சேதியும் இதயத் துடிப்பும் நடக்கிறது. அகோனிடின் அந்தக் கதவைத் திறந்த நிலையிலேயே பிடித்துவைத்துவிடுகிறது. முதலில் உதடு, நாக்கு, முகம், விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி சுருசுருவென்று ஆகி மரத்துப்போகும். அப்புறம் வாந்தி, வியர்வை, கைகால் தளர்ச்சி, ரத்த அழுத்தம் சரிவது. கடைசியில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். சாவு வருவது அதனால்தான்.

சில நிமிடத்தில் ஆரம்பிக்கலாம், ஓரிரு மணி நேரமும் ஆகலாம். ஆள் பெரும்பாலும் முழு நினைவோடு இருப்பார், பேசுவார். நல்லாத்தானே பேசுறார் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

தொட்டாலே விஷம் ஏறுமா?

காய்ந்த கிழங்கை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்த்ததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தூசி, பச்சைச் சாறு, கையில் இருக்கும் சிராய்ப்பு, இந்த மூன்றும் வேறு கதை. தோல் வழியாகவும் இந்த விஷம் உள்ளே போகும்.

நான் கடைக்கு வந்த புதிதில் நாபி மூட்டையைக் கொட்டிக் கல், மண் பொறுக்கினேன். முகத்தில் துணி கட்டவில்லை. பாதியில் டீ வந்தது, கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் கீழ் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு இருக்குமே, அப்படி. அப்பா என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, வாயைக் கொப்பளிக்க வைத்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ராத்திரி முழுக்க மார்பில் ஒயரை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தபடி வைத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. தூசிக்கே அப்படி. அதற்கப்புறம் எங்கள் கடையில் கையுறை, முகத்துணி, தனித் தராசு, தனி அலமாரி.

இவ்வளவு விஷம்னா மருந்தா எப்படிக் கொடுத்தாங்க?

விஷமும் மருந்தும் ஒரே கிழங்கிலிருந்துதான் வருகிறது, நடுவில் விஷத்தைக் குறைக்க நடக்கும் வேலைக்குப் பெயர் சுத்தி. சுத்தி செய்யாத நாபியை சித்த மருத்துவமும் சரி ஆயுர்வேதமும் சரி உள்ளுக்குக் கொடுக்கச் சொன்னதே இல்லை. நூலில் நாபி என்று ஒரு சொல்லாக இருந்தால் அங்கே சுத்தி செய்த நாபி என்றுதான் படிக்க வேண்டும். வைத்தியர்களுக்கு அது சொல்லாமலே தெரியும், இன்று கைப்பேசியில் படிக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

சுத்தியில் என்ன நடக்கிறது என்பதை வேதியியல் தெளிவாகச் சொல்கிறது. அகோனிடின் மூலக்கூறில் இரண்டு எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. தண்ணீரும் சூடும் நேரமும் சேரும்போது முதலில் ஒன்று அறுந்து விஷம் பல மடங்கு குறைந்த பொருளாகிறது, அப்புறம் இன்னொன்றும் அறுந்து அகோனின் என்னும் இன்னும் சாதுவான பொருளாகிறது. சூடோ நேரமோ போதவில்லை என்றால் பாதி விஷம் அப்படியே நிற்கும். நம் முன்னோர் எஸ்டர் என்ற பெயர் தெரியாமலே, அனுபவத்தில் பார்த்துப் பார்த்து அந்த வழியைப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை உண்டு.

சுத்தி எப்படிப் பண்றது? வீட்டிலேயே பண்ணலாமா?

மரபு முறை இரண்டு. பசுவின் கோமியத்தில் நாள்கணக்கில் ஊறவைப்பது, தினமும் பழையதைக் கொட்டிப் புதிது ஊற்றி, வெயிலில் வைத்து. இன்னொன்று, துணியில் முடிந்து பசும்பால் பானையில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது. சுத்தி செய்த பாலையும் கோமியத்தையும் கொட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும், கிழங்கிலிருந்து வெளியேறிய விஷத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது.

வீட்டில் செய்யவே கூடாது. துண்டு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும், நடுப்பகுதி வரை வெந்ததா, விஷம் எவ்வளவு மிச்சம் என்பதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. மருந்து செய்யும் கூடங்களில் இதைப் பரிசோதித்துப் பார்க்கக் கருவி இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே கருவி நாக்கு.

எந்த வியாதிக்குக் கொடுப்பாங்க?

பெரும்பாலும் காய்ச்சல், சன்னி, வாத வலி, மூட்டு வீக்கம், கபம். தனியாக நாபியை மட்டும் கொடுப்பதில்லை, ஒரு கூட்டு மருந்தில் துளி அளவாகச் சேர்ப்பார்கள். சித்தத்தில் பிரமானந்த பைரவ மாத்திரை, ஆயுர்வேதத்தில் மிருத்யுஞ்சய ரசம், ஆனந்த பைரவ ரசம், திரிபுவன கீர்த்தி ரசம் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றில் நாபியோடு லிங்கமும் சேரும், அது பாதரசம் கலந்த தாது. ஆக, வைத்தியர் பார்வை வேண்டும் என்பதற்கு இரண்டு காரணம் ஆகிறது. இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

அகோனிடம் வகைகள் நம் ஊர் மருத்துவத்தோடு நிற்கவில்லை. திபெத்திய மருத்துவத்தில் உண்டு. சீனாவில் பூட்சு என்ற பெயரில் குளிர் ஏறி ஒடுங்கிய உடம்பைத் தூக்கி நிறுத்த இரண்டாயிரம் வருடமாகக் கொடுக்கிறார்கள், சிச்சுவான் மாகாணத்து ஜியாங்யோ அதற்குப் பேர்போன ஊர். ஐரோப்பாவில் வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டோர்க் 1760-களில் வலிக்குப் பரிந்துரைத்தார், பிறகு பிரிட்டனிலும் பூச்சு மருந்தாகப் புழங்கியது. அளவு பிடிபடாமல் ஆட்கள் செத்ததால் அலோபதி அதைக் கைவிட்டது.

வாங்கின மாத்திரையில நாபி இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

1945-ஆம் வருட மருந்து விதிகளில் இ(1) என்று ஒரு அட்டவணை இருக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் விஷச் சரக்குகளின் பட்டியல் அது. நாபி, எட்டி, சேராங்கொட்டை, கலப்பைக்கிழங்கு, நேர்வாளம் எல்லாம் அதில் உண்டு. இவை சேர்ந்த உள்மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளவும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும். சரக்குப் பட்டியலில் வத்ஸநாபம், வச்சநாபி, பச்நாக், அகோனிடம் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது இதுதான். லேபிளே இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள், கொடுப்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

எண்ணெயா காய்ச்சி மேல தானே பூசுறேன், உள்ளுக்குச் சாப்பிடலயே?

தோல் வழியாகப் போகும் என்று மேலே சொன்னேன். வலிக்கு மேலே பூசினால் மரத்துப்போவதே அது உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். சூடாகத் தேய்த்தாலோ, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ, தோலில் புண் இருந்தாலோ இன்னும் வேகமாக ஏறும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், முழங்கால் வலிக்கு எங்கிருந்தோ வாங்கிய நாபியை அரைத்துப் பற்றுப் போட்டார். அதே கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை மருமகள் தெரியாமல் கழுவிவிட்டு மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டோ எடுத்தான். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து திரும்பி வந்தார். அந்த மருமகள் என் கடையில் நின்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அதிவிடயமும் இந்தச் செடிதான்னு சொல்றாங்க. அதைக் குழந்தைக்கே கொடுக்கிறோமே?

நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் சிக்கல். அதிவிடயம் அதே அகோனிடம் பேரினத்துச் செடி, வகை வேறு. அதில் இருக்கும் முக்கியமான காரம் அட்டிசின், அகோனிடின் போன்ற கொடிய விஷம் இல்லை. குழந்தைகளின் கழிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வருவது.

சிக்கல் எங்கே என்றால் விலையில். அதிவிடயம் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் சரக்கு, விலை ஏற ஏறக் கலப்படமும் ஏறும். நல்ல அதிவிடயம் சின்னதாக, சாம்பல் நிறத் தோலோடு இருக்கும். உடைத்தால் மாவு மாதிரி வெள்ளையாக முறியும், அந்த வெள்ளை நடுவே பழுப்புப் புள்ளிகள் வட்டமாக நிற்கும். கறுத்திருந்தாலோ கொம்பு மாதிரி கெட்டியாக இருந்தாலோ வாங்க வேண்டாம். சில பழைய வியாபாரிகள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், கசந்தால் அதிவிடயம், மரத்தால் நாபி என்று. அதை நீங்கள் செய்யாதீர்கள்.

ஹோமியோபதியில அகோனைட் உருண்டை தர்றாங்களே, அது?

அது ஐரோப்பிய வகையான அகோனிடம் நாப்பெல்லஸிலிருந்து செய்வது. உயர் வீரியம் என்று தரும் உருண்டைகளில் மூலப்பொருள் அநேகமாக ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு நீர்த்திருக்கும். ஆனால் தாய்த்திரவம் என்று புட்டியில் வருவது நீர்க்காதது, அது விஷம்தான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஹாங்காங்ல இருக்கிற தம்பி, சீனாக்காரங்க இதைச் சூப்பு வச்சே குடிக்கிறாங்கன்னு சொல்றான். நிஜமா?

நிஜம். யுன்னான் பக்கம் குளிர்காலத்தில் அகோனிடம் கிழங்கைக் கறியோடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் சாப்பிடும் வழக்கம் இருக்கிறது. சுத்தி பற்றிய பதிலில் சொன்ன அதே வேலைதான், நீண்ட கொதிப்பில் விஷம் உடைகிறது. கொதிநேரம் குறைந்து ஆட்கள் செத்த செய்தியும் அங்கிருந்து வருகிறது. ஹாங்காங் மருத்துவர்கள் இந்த விஷம் பற்றி நிறைய எழுதியிருப்பதற்குக் காரணமே, கஷாயம் குடித்து மரத்துப்போய் வரும் நோயாளிகள் அங்கே வந்துகொண்டே இருப்பதுதான். உங்கள் தம்பியிடம் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அம்புல தடவி வேட்டையாடினாங்களாமே? அப்புறம் அந்தக் கறியை எப்படித் தின்னாங்க?

ஆமாம். அருணாசலத்து மிஷ்மி மக்கள், லெப்சாக்கள், தூரத்து ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஐனு மக்கள் எல்லோரும் அகோனிடம் கிழங்கை அரைத்து அம்பு முனையில் பூசியிருக்கிறார்கள். ஐனுக்கள் கரடியையே அப்படி வீழ்த்தினார்கள். அம்பு தைத்த இடத்தைச் சுற்றி உள்ள சதையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைப்பார்கள். அம்பு முனையில் இருந்தது கொஞ்சம், அது பெரிய உடம்பில் பரவி, அப்புறம் நெருப்பிலும் வெந்துவிடுகிறது.

யாருக்காவது கொடுத்தா கண்டுபிடிக்கவே முடியாதுன்னு படத்துல காட்டுறாங்க, அப்படியா?

படத்தில் மட்டும்தான் அப்படி. 1881-இல் லண்டனில் லாம்சன் என்ற டாக்டர் தன் மைத்துனனை அகோனிடின் கொடுத்துக் கொன்றார். அப்போது அதைக் கண்டுபிடிக்கச் சரியான சோதனையே இல்லை. ஸ்டீவன்சன் என்ற நிபுணர் உடலிலிருந்து பிரித்தெடுத்ததைத் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தும், எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தும் சாட்சி சொன்னார். 1882-இல் லாம்சன் தூக்கில் தொங்கினார். இன்று ரத்தத்திலோ சிறுநீரிலோ துளி இருந்தாலும் ஆய்வுக்கூடக் கருவி காட்டிவிடும். 2009-இல் லண்டனில் குழம்பில் நாபி கலந்து ஒருவரைக் கொன்ற வழக்கிலும் எந்தச் செடியின் விஷம் என்பது வரைக்கும் கண்டுபிடித்தார்கள்.

வெங்காரம் கொடுத்தா நாபி விஷம் முறியும்னு படிச்சேன். புளித்தண்ணி, மோர், நெய் ஏதாவது கொடுக்கலாமா?

வெங்காரம், அதாவது போராக்ஸ், நாபிக்கு முறிப்பு என்று நூல்களில் இருப்பது உண்மை. மேலே சொன்ன கூட்டு மருந்துகள் சிலவற்றில் நாபியோடு பொரித்த வெங்காரம் சேர்வதை அதோடு பொருத்திப் பார்க்கலாம். ஆனால் விஷம் ஏறிய ஆளுக்கு வீட்டில் வெங்காரத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பது இருக்கும் கொஞ்ச நேரத்தையும் வீணடிப்பது. புளி, மோர், உப்புத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம்.

இந்த விஷத்துக்கென்று தனி மாற்று மருந்து அலோபதியிலும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து, தாளம் தப்பும்போது அதற்கான மருந்து கொடுத்து, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, விஷம் உடம்பை விட்டுப் போகும்வரை ஆளைக் கரை சேர்க்க முடியும். ஒரு நாள், இரண்டு நாள் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்பவர்கள் நிறைய. அதனால் உதடு மரத்தது என்றவுடனே 108-க்கு அழையுங்கள். மிச்சம் இருக்கும் கிழங்கு, பொடி, மாத்திரை அட்டை எதுவானாலும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். நாபி, அகோனைட் என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள், இளம் டாக்டர்களுக்கு இரண்டாவது பெயர்தான் தெரியும்.

நெட்டுல சுத்தி செய்த நாபிப் பொடின்னு விக்கிறாங்க. நீங்க மட்டும் ஏன் தர மாட்டேங்கிறீங்க?

பொடியாக இருந்தால் அது எந்தக் கிழங்கு என்றே பார்க்க முடியாது, சுத்தி நடந்ததா என்பது அடுத்த சங்கதி. நாங்கள் பதிவு எண் காட்டும் சித்த வைத்தியருக்கு மட்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு முழுக் கிழங்காகக் கொடுக்கிறோம். நஷ்டம்தான், கேட்டுத் திட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இது தோட்டத்தில் காய்ப்பதில்லை, மலையில் தோண்டி எடுப்பது. கிழங்கை எடுத்தால் செடி போச்சு, அடுத்த வருடத்துக்கான சேய்க்கிழங்கையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். அதிவிடயம் இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள செடி. அகோனிடம் சாஸ்மாந்தம் என்கிற இன்னொரு இமயமலை வகை அதைவிட மோசமான நிலையில் இருக்கிறது. முழங்கால் வலிக்கு நொச்சியும் தழுதாழையும் இங்கேயே வேலியோரம் கிடைக்கும்போது அங்கே போய்த் தோண்ட வேண்டியதில்லை என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

தாத்தா வைத்தியம் பார்த்தவரு. அவரோட தகர டப்பாவில கருப்பா நாலு கிழங்கு கிடக்கு. நாபியான்னு தெரியல. என்ன பண்றது?

இதை மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். பழசுதானே, வீரியம் போயிருக்கும் என்று நினைக்க வேண்டாம், காய்ந்த கிழங்கில் விஷம் வருடக்கணக்கில் நிற்கும். நாக்கில் வைக்காதீர்கள், உடைக்காதீர்கள், அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், ஆடு மாடு மேயும் குப்பைமேட்டில் கொட்டாதீர்கள். கையில் பிளாஸ்டிக் உறை மாட்டி, டப்பாவோடு இரண்டு கவரில் கட்டி, மேலே விஷம் என்று எழுதுங்கள். அரசு சித்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார்கள். தாத்தாவின் குறிப்பேடு இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவை மட்டும் மறுபடி சமையலறைப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.